வாட்ஸப்பில் ஆர்க்கைவ் பண்ணின சாட் எங்கே போகுது? போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் கண்டுபிடிப்பது எப்படி?

வேப்பமரத்தடி (கேள்வி)

போன் ஆண்ட்ராய்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ், குரோம் வழியாக வாட்ஸப் வெப். அபார்ட்மென்ட் குரூப் ஒன்று, சப்ளையர் இருவரின் சாட், சில பழைய குரூப்கள் எல்லாம் ஆர்க்கைவில் (அழிக்காமல் பட்டியலிலிருந்து மட்டும் ஒதுக்கிவைக்கும் இடம்) கிடக்கின்றன. சாட் பட்டியலின் உச்சியில் "ஆர்க்கைவ்டு" என்று ஒரு வரி இருக்கும் என்கிறார்கள். என் போனில் அந்த வரி இல்லை. கம்ப்யூட்டரிலும் கண்ணில் படவில்லை.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். அந்த வரியை எங்கே தேடுவது? அது கிடைக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் சாட்டைத் திறக்க வழி உண்டா? சப்ளையர் அனுப்பிய பில் பி.டி.எஃப். மட்டும் போதும் என்றால் எப்படி எடுப்பது? சில சாட் புதுச் செய்தி வந்ததும் தானாக வெளியே வந்துவிடுகிறது, சிலருக்கு அப்படி வருவதில்லை என்கிறார்களே, அது ஏன்?

தட்டச்சுத்தம்பி

அண்ணா, முதல்ல சாட் பட்டியலோட அடிமட்டம் வரைக்கும் தள்ளிப் பாருங்க. கடைசி சாட்டுக்கும் கீழே "ஆர்க்கைவ்டு"ன்னு இருக்கும். சில பேருக்கு அங்கேதான் இருக்கு.

மேலேயா கீழேயான்னு முடிவு பண்றது ஒரே ஒரு செட்டிங். மூணு புள்ளி, செட்டிங்ஸ், சாட்ஸ். அதுக்குள்ள "கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு"ன்னு ஒரு ஸ்விட்ச். ஆன்ல இருந்தா வரி உச்சியில நிக்கும், புதுச் செய்தி வந்தாலும் சாட் உள்ளேயே கிடக்கும். ஆஃப்ல இருந்தா வரி அடிக்குப் போயிடும், புதுச் செய்தி வந்ததும் அந்த சாட் மட்டும் வெளியே குதிச்சுடும். உங்க கடைசிக் கேள்விக்கும் இதுதான் பதில். 2021 ஜூலைக்கு முன்னாடி எல்லாருக்கும் குதிக்கத்தான் செஞ்சுது. அப்புறம்தான் இந்த ஸ்விட்ச் வந்துச்சு.

இன்னொண்ணு. மேலே "ஆல், அன்ரெட், குரூப்ஸ்"னு பொத்தான் வரிசை இருக்கே, அதுல "ஆல்" தேர்வாகியிருக்கான்னு பாருங்க. "அன்ரெட்"ல நிக்கிறப்போ படிக்காத சாட் மட்டும்தான் காட்டும். அதுல ஆர்க்கைவைத் தேடிட்டு இருந்தா விடிஞ்சிடும்.

மின்கம்பம்

மேலே சொன்ன செட்டிங் சரி. ஆனால் அந்த வரியையே நம்பியிருக்கத் தேவையில்லை. ஆர்க்கைவ் செய்வதால் சாட் வேறு எங்கும் நகர்வதில்லை, போனில் உள்ள அதே தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. "பட்டியலில் காட்டாதே" என்று ஒரு குறி மட்டும் அதன்மேல் விழுகிறது. அதனால் பட்டியல் வழியாகப் போகாத எந்த வழியும் சாட்டை நேராகத் திறந்துவிடும்.

முதல் வழி தேடல். பெயரில் மூன்று எழுத்து தட்டினாலே போதும், முடிவுகளில் அந்த சாட்டின் ஓரத்தில் "ஆர்க்கைவ்டு" என்று சின்னதாக எழுதியிருக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடிவுகள் தலைப்பு வாரியாகப் பிரிந்து வரும். பெயர் "சாட்ஸ்" தலைப்பின் கீழ் வந்தால் உரையாடல் உயிரோடு இருக்கிறது. வெறும் தொடர்புகள் தலைப்பின் கீழ் மட்டும் வந்தால், எண் போனில் இருக்கிறது, உரையாடல் இல்லை. அப்படியானால் அது ஆர்க்கைவ் ஆகவில்லை, அழிக்கப்பட்டிருக்கிறது. "காணோம்" என்று கேட்பவர்கள் வேறெதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

குரூப் பெயர் நினைவில்லையா? அந்தக் குரூப்பில் இருக்கும் யாராவது ஒருவருடைய சாட்டைத் திறந்து, மேலே அவர் பெயரைத் தட்டுங்கள். விவரப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "குரூப்ஸ் இன் காமன்" என்று நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் குரூப்கள் வரிசையாக வரும், ஆர்க்கைவில் இருப்பவையும் சேர்த்து. அபார்ட்மென்ட் குரூப் என்றால் செக்ரட்டரி பெயரைத் தட்டினாலே போதும். அபார்ட்மென்ட் சங்கங்கள் பல இப்போது "கம்யூனிட்டி"யாக (பல குரூப்களை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) நடத்துகின்றன. உங்களுடையதும் அப்படியானால் கம்யூனிட்டிஸ் பக்கத்திலிருந்தும் உள்ளே போகலாம்.

பி.டி.எஃப்.புக்கு: தேடல் கட்டத்தைத் தொட்டதும் போட்டோஸ், வீடியோஸ், லிங்க்ஸ், ஆடியோ, டாக்குமென்ட்ஸ் என்று பொத்தான்கள் விரியும். டாக்குமென்ட்ஸைத் தட்டிவிட்டு, கோப்புப் பெயரில் ஒரு துண்டைத் தட்டச்சு செய்யுங்கள். "இன்வாய்ஸ்" என்று அனுப்பியிருப்பார்கள், "பில்" என்று தேடினால் வராது. அதனால் இரண்டையும் தேடுங்கள். சிலர் பேப்பர் பில்லை போட்டோ பிடித்து அனுப்புவார்கள், அது டாக்குமென்ட்ஸில் வரவே வராது. அப்போது சாட்டைத் திறந்து பெயரைத் தட்டி, "மீடியா, லிங்க்ஸ், டாக்ஸ்" பகுதியில் மாதவாரியாகப் புரட்டுவதுதான் வழி.

இன்னொரு விஷயம். டிஸப்பியரிங் மெசேஜ் (குறித்த காலம் கழிந்ததும் செய்தி தானாக அழியும் வசதி) போட்டிருந்தால் ஆர்க்கைவ் அதைத் தடுக்காது. 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் எதுவாக இருந்தாலும் உள்ளே இருந்தபடியே செய்திகள் கரைந்துவிடும். பில் அனுப்புகிறவர் சாட்டில் அந்த டைமர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வேப்பமரத்தடி

அடியில்தான் இருந்தது, நன்றி. ஸ்விட்ச் ஆஃப். "குரூப்ஸ் இன் காமன்" வழி தெரியாத ஒன்று, அதுவும் வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் யாராவது சொல்லுங்கள். அங்கே குரோமில் கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினால் சப்ளையர் பெயர் வருவதில்லை.

பதினெட்டாம்படி

கன்ட்ரோல் எஃப் அங்கே உதவாது. வாட்ஸப் வெப்பில் இடப்பக்கப் பட்டியல் முழுதாகப் பக்கத்தில் இருப்பதில்லை. திரையில் தெரியும் வரிகளும் அதற்கு மேலும் கீழும் சிலவும் மட்டுமே இருக்கும். நீங்கள் உருட்ட உருட்டப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். குரோம் தேடுவது அந்த நேரத்தில் இருக்கும் வரிகளைத்தான். ஆர்க்கைவ் பட்டியல் திறந்திருக்காவிட்டால் அதில் உள்ள பெயர் பக்கத்திலேயே கிடையாது. வாட்ஸப்பின் சொந்தத் தேடல் கட்டத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆர்க்கைவ் வரி வெப்பில் பட்டியலின் தலையில், பொத்தான் வரிசையை ஒட்டி இருக்கும். கீழ்நோக்கிய அம்புக்குறி போட்ட பெட்டிப் படம்தான் அடையாளம். வடிவமைப்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள், சில பதிப்புகளில் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருந்தது, சிலவற்றில் இடது ஓரப் பட்டையில். இடத்தை மனப்பாடம் செய்வதைவிட அந்தப் படத்தைத் தேடுவது நல்லது. வாட்ஸப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கும் படம் மாறாது.

வெளியே எடுக்க: ஆர்க்கைவ் பட்டியலில் சாட்டின்மேல் மவுஸை வைத்தால் வலது ஓரத்தில் சின்ன அம்பு முளைக்கும். அதைச் சொடுக்கி "அன்ஆர்க்கைவ் சாட்". ரைட் கிளிக்கிலும் அதே மெனு. போனில் என்றால் ஆண்ட்ராய்டில் சாட்டை அழுத்திப் பிடித்து, மேலே தெரியும் மேல்நோக்கிய அம்புப் பெட்டியைத் தட்ட வேண்டும். ஐபோனில் சாட்டை இடப்பக்கம் இழுத்தால் "அன்ஆர்க்கைவ்" வரும். எங்கே செய்தாலும் மற்ற இடங்களிலும் மாறிவிடும், தனித்தனியாகச் செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டரில் சாட் கிடைத்தும் பழைய பில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரை இணைக்கும்போது போன் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பதில்லை, அண்மைக்கால வரலாற்றை மட்டுமே அனுப்புகிறது. சாட்டின் உச்சிக்குப் போனால் பழைய செய்திகளுக்குப் போனைப் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு வரி நிற்கும். அதற்கு முந்தையவை போனில்தான். புதிதாக இணைத்த கையோடு தேடினாலும் முடிவுகள் குறையும், ஒத்திசைவு முடியும்வரை பொறுங்கள்.

இணைப்பு அறுந்துபோவதற்கும் கணக்கு இருக்கிறது. போனைத் தவிர 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். போனில் வாட்ஸப்பை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் வெளியே தள்ளப்படும். குரோமில் இரண்டு புரொஃபைல் வைத்து இரண்டிலும் வாட்ஸப் வெப் திறந்தால் அது இரண்டு சாதனமாக எண்ணப்படும். போனில் "லிங்க்டு டிவைசஸ்" பக்கத்தைத் திறந்து பார்த்தால் மறந்துபோன பழைய கம்ப்யூட்டர் ஒன்றாவது அதில் நிற்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பக்கத்தை அடிக்கடி பார்ப்பது நல்லது. ஆர்க்கைவ் எந்தவிதமான பூட்டும் கிடையாது, பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார்.

திண்டுக்கல்பூட்டு

பூட்டு என்றதும் சொல்ல வேண்டியது. 2023 மே மாதம் "சாட் லாக்" வந்ததிலிருந்து குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. லாக் போட்ட சாட், ஆர்க்கைவில் இருக்காது. "லாக்டு சாட்ஸ்" என்று தனி இடம். சாட் பட்டியலை விரலால் கீழே இழுத்துப் பிடித்தால் அந்த வரி தெரியும், கைரேகை கேட்கும்.

அதே வருடம் நவம்பரில் ரகசியக் குறியீடு வந்தது. அதைப் போட்டு "ஹைட் லாக்டு சாட்ஸ்" ஆன் செய்திருந்தால் இழுத்தாலும் வரி தெரியாது. தேடல் கட்டத்தில் அந்தக் குறியீட்டை அப்படியே தட்டினால்தான் கதவு திறக்கும். பெயரைத் தேடினாலும் வராது. ஆகவே மேலே மின்கம்பம் சொன்ன "பெயர் தேடி வரவில்லை என்றால் அழிந்தது" என்ற சோதனை, லாக் போட்ட சாட்டுக்குப் பொருந்தாது.

குறியீடு மறந்துபோனவர்களுக்கு செட்டிங்ஸ், பிரைவசி, சாட் லாக் பக்கத்தில் "அன்லாக் அண்ட் கிளியர்" என்று ஒன்று உண்டு. பெயரில் பாதியைப் படித்துவிட்டுத் தட்டாதீர்கள். பூட்டைத் திறப்பதோடு உள்ளே இருக்கும் செய்திகளையும் துடைத்துவிடும்.

மின்கம்பம்

சரியான திருத்தம். லாக் இல்லாத சாட்டுக்கு மட்டும்தான் அந்தச் சோதனை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தடி

இன்னும் இரண்டு. ஸ்விட்சை ஆன் செய்தால் சப்ளையர் செய்தி அனுப்பும்போது மணி அடிக்குமா? வீட்டில் ஒரு ஐபோனில் சாட் பட்டியல் மொத்தமும் காலி, "ஆர்க்கைவ்டு" வரி மட்டும் நிற்கிறது. அதைத் தட்டினால் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க வேண்டுமா?

தட்டச்சுத்தம்பி

ஐபோனுக்கு முதல்ல. யாரோ "ஆர்க்கைவ் ஆல் சாட்ஸ்" தட்டியிருக்காங்க. செட்டிங்ஸ், சாட்ஸ் போய்ப் பாருங்க, அதே இடத்துல இப்போ "அன்ஆர்க்கைவ் ஆல் சாட்ஸ்"னு மாறியிருக்கும். ஒரே தட்டு, எல்லாம் வெளியே. ஆண்ட்ராய்டுல இது செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் ஹிஸ்டரிக்குள்ள இருக்கு. ஒரே சிக்கல், வேணும்னே ஆர்க்கைவ்ல வச்சிருந்ததும் சேர்ந்து வெளியே வந்துடும். அதை மறுபடி உள்ளே தள்ளிக்கணும்.

அந்தப் பக்கத்துல கை வைக்கிறப்போ மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க. பக்கத்துப் பக்கத்துலயே "கிளியர் ஆல் சாட்ஸ்", "டிலீட் ஆல் சாட்ஸ்" ரெண்டும் உக்காந்திருக்கு. கிளியர்னா பெயர் வரிசை இருக்கும், உள்ளே செய்தி இருக்காது. டிலீட்னா செய்தியோட சேர்ந்து சாட்டும் போயிடும்.

மணி அடிக்காது. ஸ்விட்ச் ஆன்ல இருக்கிறப்போ ஆர்க்கைவ் சாட்டுக்கு நோட்டிஃபிகேஷன் கிடையாது. குரூப்ல உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, உங்க செய்திக்கு ரிப்ளை பண்ணாலோ மட்டும் சத்தம் வரும், "ஆர்க்கைவ்டு" வரிக்குப் பக்கத்துல "@" குறியும் தெரியும். அங்கே வர்ற எண், படிக்காத செய்திக் கணக்குன்னு நினைச்சுடாதீங்க. படிக்காத செய்தி இருக்கிற சாட் எத்தனைன்னு காட்டுற எண் அது. 2ன்னு இருக்கும், உள்ளே போனா 300 செய்தி காத்திருக்கும்.

என்னைக் கேட்டா சப்ளையர் சாட்டை ஆர்க்கைவ்ல வைக்கிறதே தப்பு. தினம் ஆர்டர் வர்ற ஆளு. ஸ்விட்ச் ஆன்னா மணி அடிக்காது, ஆஃப்னா ஒவ்வொரு செய்திக்கும் வெளியே வந்து நிக்கும், எதுக்கு வம்பு? பட்டியல் உச்சியிலயே நிக்கிற மாதிரி "பின்" (pin) பண்ணிடுங்க, இல்லேன்னா பொத்தான் வரிசையில இருக்கிற கூட்டல் குறியைத் தட்டி "சப்ளையர்"னு ஒரு லிஸ்ட் போட்டு அதுல சேர்த்துடுங்க. அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் பழைய மாணவர் குரூப், முடிஞ்சுபோன கல்யாண ஏற்பாட்டுக் குரூப், இதுக்குத்தான் ஆர்க்கைவ்.

பதினெட்டாம்படி

"டிலீட் ஆல்" ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால் முதல் வேலை பேக்கப் ஓடாமல் தடுப்பது. தானியங்கி பேக்கப் நள்ளிரவு 2 மணி வாக்கில் ஓடும். கூகுள் டிரைவில் கடைசி பேக்கப் ஒன்றுதான் நிற்கும், புதியது வந்தால் பழையது போய்விடும். காலையில் அழித்துவிட்டு மறுநாள் யோசித்தால், காலிப் பட்டியல்தான் பேக்கப்பாக இருக்கும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய்க் கடைசி பேக்கப் எப்போது எடுத்தது என்று பாருங்கள். அழித்த நேரத்துக்கு முந்தையது என்றால் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டு, அதன் பிறகே வாட்ஸப்பை நீக்கி மறுபடி நிறுவி மீட்டெடுங்கள். நடுவில் வந்த செய்திகள் போகும், அதற்கு வழியில்லை.

ஆண்ட்ராய்டில் இன்னொரு கைப்பிடி உண்டு. போனின் சேமிப்பிடத்தில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸப்பின் ஃபோல்டர், அதற்குள் டேட்டாபேசஸ். அங்கே கடந்த சில நாள்களின் பேக்கப், பெயரில் தேதியோடு தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் அந்த டேட்டாபேசஸ் ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிடுங்கள், வாட்ஸப்பை நீக்கும்போது அது போய்விட வாய்ப்புண்டு. தேவையான நாளின் கோப்பில், பெயரின் நடுவே உள்ள தேதியையும் அதை ஒட்டி வரும் ".1" என்பதையும் மட்டும் எடுத்துவிட வேண்டும். கடைசியில் "கிரிப்ட்" (crypt) என்பதை ஒட்டி வரும் எண்ணை மாற்றினால் மீட்பு நடக்காது. டிரைவில் பேக்கப் இருந்தால் நிறுவும்போது அதுவே முந்திக்கொள்ளும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கைவ் ஆன சாட் எல்லாம் பேக்கப்பில் சேரும். புதுப் போனுக்கு மாறுவதற்காக அவற்றை வெளியே எடுத்துவைக்கத் தேவையில்லை.

காகிதக்கப்பல்

டெலிகிராமில் இதையே தேடி வருபவர்களுக்கு: அங்கே வரி காணாமல் போவதற்குக் காரணம் வேறு. ஆர்க்கைவ் வரியையே மறைத்துவைக்க முடியும். பட்டியலைக் கீழே இழுத்துப் பிடித்தால் இறங்கி வரும். கம்ப்யூட்டரில் அதை மூன்று கோடு மெனுவுக்குள் தள்ளிவிடும் வசதியும் இருக்கிறது, கை தவறி அது விழுந்திருந்தால் இழுத்துப் பயனில்லை, மெனுவைத் திறந்து "ஆர்க்கைவ்டு சாட்ஸ்" பாருங்கள்.

குதிக்கும் கணக்கும் வேறு. டெலிகிராமில் மியூட் பண்ணாத சாட், புதுச் செய்தி வந்ததும் வெளியே வரும். மியூட் பண்ணினது உள்ளேயே இருக்கும். அதனால் ஆர்க்கைவுக்கு அனுப்பும்போதே மியூட்டும் போட்டுவிடுவது வழக்கம். டெலிகிராம் தன் சர்வரிலேயே எல்லாவற்றையும் வைத்திருப்பதால், சீக்ரெட் சாட் நீங்கலாக, கம்ப்யூட்டரிலும் முழு வரலாறு கிடைக்கும்.

தட்டச்சுத்தம்பி

கூகுள் மெசேஜஸ்லயும் இதே கூத்து உண்டு. பேங்க் எஸ்.எம்.எஸ். காணோம்னா பாதிக் கேஸ் இதுதான். அங்கே ஓரமா இழுத்தாலே ஆர்க்கைவ் ஆகிடும், பாக்கெட்ல இருந்து எடுக்கிறப்போ கட்டைவிரல் பட்டாப் போதும். மேலே புரொஃபைல் படத்தைத் தட்டி "ஆர்க்கைவ்டு". திரும்ப நடக்காம இருக்க அதே மெனுவுல மெசேஜஸ் செட்டிங்ஸ், "ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்" போய் ரெண்டு பக்கமும் ஆஃப் பண்ணிடுங்க. டிலீட்னு மட்டும் மாத்தி வைக்காதீங்க.

வேப்பமரத்தடி

ஐபோன் சரியாகிவிட்டது, "அன்ஆர்க்கைவ் ஆல்" அங்கேயே இருந்தது. சப்ளையர் இருவரையும் லிஸ்ட்டுக்கு மாற்றியாயிற்று. ஒருவருடைய சாட்டில் 90 நாள் டைமர் ஓடிக்கொண்டிருந்தது, ஆஃப் செய்துவிட்டேன். இருக்கும் பி.டி.எஃப்.களை டிரைவுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

மின்கம்பம்

டைமரை ஆஃப் செய்வது இனி வரும் செய்திகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே வந்தவை அவற்றின் 90 நாள் முடிந்ததும் போகத்தான் செய்யும். ஆகவே பழைய பில்களில் தொடங்கி ஏற்றுங்கள்.